மறுநாள் அக்கா

"ஒரு நாற்காலியைக்கூட யாரும் தொடாதீங்க. நான் இன்னும் பார்த்து முடிக்கல."

வாசல் பக்கம் திரும்பாமலே இதைச் சொல்லிவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து, தரையை ஒட்டிப் பார்வையை ஓடவிடுகிறார் அக்கா. காலை ஆறரை மணி. முந்தின நாள் மாலை அந்த மண்டபத்தில் யாருக்கோ திருமண வரவேற்பு. மேடையில் பாதி உதிர்ந்த பூ வளைவு, மேசைகளில் எடுக்காமல் விட்ட கண்ணாடித் தம்ளர்கள், தரையெல்லாம் காகிதம். துடைப்பமும் வாளியுமாக நாலு பேர் வெளியே சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். அக்கா தலையசைக்கும்வரை தூசி தும்புகூட அங்கிருந்து நகராது.

சாம்பல் நிறச் சீருடை, இடுப்பில் சாவிக்கொத்து, காதில் செருகிய பென்சில். வயது ஐம்பத்தைந்து இருக்கும். இந்த மாநகரத்தில் விசேஷங்கள் நடக்கும் கூடங்களைச் சுத்தம் செய்து தருகிற ஒரு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. முதல் பதினைந்து வருடம் துடைப்பம் பிடித்தவர், இப்போது மேற்பார்வை. ஊரில் அவர் பெருக்காத மண்டபம் இல்லை. வரவேற்புக்கு இடம் தேடி அலைகிறவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் இவரிடம் வந்து சேர்கிறார்கள். எல்லோரும் மண்டபத்தை விசேஷத்துக்கு முன்னால் போய்ப் பார்க்கிறார்கள், இவர் பார்ப்பது விசேஷத்துக்கு மறுநாள். அதனால்தான் 'மறுநாள் அக்கா' என்று பெயர்.

"முன்னாடி போனா எல்லா மண்டபமும் அழகாத்தான் இருக்கும் சார். இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி தலையைச் சீவிக்கிட்டு நிக்கும். மறுநாள் காலையில வந்து பாருங்க, அப்பத்தான் அதோட குணம் தெரியும்" என்பார்.

அப்படி என்ன பார்க்கிறார் என்றால், நாற்காலிகளை. போட்டவன் போட்ட வரிசையிலேயே நாற்காலிகள் நின்றால் அந்த இடம் தேறாது. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள், அவ்வளவுதான். ஒன்றை நோக்கி ஒன்று திரும்பி, ஒழுங்கு குலைந்து, வட்டமும் அரைவட்டமுமாகக் கிடந்தால் அங்கே மனிதர்கள் பேசியிருக்கிறார்கள். சுவரைப் பார்த்துத் தனியாக ஒன்று இருந்தால் யாரோ கைப்பேசியில் மூழ்கியிருந்தார் என்று அர்த்தம். ஒரு நாள் முதுகோடு முதுகு ஒட்டிய மாதிரி இருந்த இரண்டு நாற்காலிகளைக் காட்டி, "சம்பந்திங்க. முகம் கொடுத்துப் பேசல" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ரெண்டுலயும் மேடைக்குப் பக்கத்துல போடுற பட்டு உறை. வேற யாரு உட்காருவா" என்றார்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். எதற்கும் ஒரு பட்டியல் போடாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அண்ணன் மகளின் வரவேற்புக்கு இடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததும் பத்தொன்பது மண்டபங்களைப் பட்டியலிட்டேன். லிஃப்ட் எத்தனை, வண்டி நிறுத்த இடம் எவ்வளவு, ஏசி எப்படி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத சிக்கல் ஒன்று இருந்தது. அது என் அண்ணன்.

அண்ணன் மொத்தச் சந்தையில் முப்பது வருடம் ஏலம் கூறியவர். மைக் இல்லாமல் ஐந்நூறு பேரை அடக்குகிற குரல். இரண்டு வருடத்துக்கு முன் மூளையில் இரத்தக் குழாய் அடைத்தது. கை கால் தேறிவிட்டன, பேச்சுதான் முழுதாகத் திரும்பவில்லை. நினைப்பு தெளிவாக இருக்கிறது. சொற்கள் மட்டும் ஒவ்வொன்றாக, தாமதமாக, சின்னக் குரலில் வருகின்றன. சுற்றிலும் சத்தம் இருந்தால் அதுவும் வராது. கூட்டத்தில் அவரைப் பார்க்கிறவர்கள் தோளில் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். "பதில்... வர்றதுக்குள்ள... ஆள் போயிடுறான்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

"நான் வீட்டுல... இருக்கேன். போட்டோ... காட்டுங்க" என்றுவிட்டார். "அப்பா வரலைன்னா எனக்கு ரிசப்ஷனே வேண்டாம் சித்தப்பா, ஹாலைத் தேடாதீங்க" என்று மகள் ஒரே பிடியாக நின்றாள். அண்ணி இருவருக்கும் நடுவில் கிடந்து திண்டாடினார். நான் வழக்கம்போல் என் பட்டியலில் புகுந்துகொண்டேன். மண்டபம் பிரமாதமாக இருந்தால் அண்ணன் தானாக வந்துவிடுவார் என்பது என் கணக்கு. என்ன புத்தியோ எனக்கு.

பட்டியலில் முதலிடம் பிடித்தது இருபதாவது மாடியில் ஒரு கூடம். கூரை முழுக்கக் கண்ணாடி, தரை முழுக்கப் பளிங்கு, நாலு பக்கமும் நகரம் தெரியும். அங்கே போய் நின்றபோது எனக்கே இன்னொரு தடவை கல்யாணம் செய்துகொள்ளலாம் போலிருந்தது. முன்பதிவு செய்யக் கை துறுதுறுத்த நேரத்தில்தான் அலுவலக நண்பர் ஒருவர், "எதுக்கும் மறுநாள் அக்காவை ஒரு வார்த்தை கேட்டுடு" என்று எண்ணைக் கொடுத்தார்.

மறுவாரமே அக்கா அந்த இருபதாவது மாடிக்கு விடியற்காலையில் என்னை அழைத்துப் போனார். முந்தின நாள் அறுநூறு பேர் வந்த விசேஷமாம். பளிங்குத் தரையில் அறுநூறு நாற்காலிகளும் நூல் பிடித்த மாதிரி நின்றன. "பாத்தீங்களா, எவ்வளவு ஒழுங்கா இருக்கு" என்றேன் நான், பெருமையாக.

அவர் தரையிலிருந்து காகிதக் கைக்குட்டை ஒன்றைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். பொடிப்பொடியாகக் கிழிந்திருந்தது. ஒவ்வொரு நாற்காலியின் கீழும் அதே மாதிரி கிழிசல் குவியல்.

"கண்ணாடிக் கூரை, கல்லுத் தரை. நாலு மூலையிலயும் ஸ்பீக்கர். பக்கத்துல இருக்கிறவன் பேசுறது காதுல விழாது. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கறவன்தான் காகிதத்தைக் கிழிப்பான்" என்றார்.

நான் அப்போதுதான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப நமக்கு வேண்டியது மண்டபம் இல்ல சார், ஒரு மூலை" என்றார்.

அடுத்த மூன்று வாரம் அந்த மூலையைத் தேடினோம். நானும் சளைக்காமல் போனேன். ஐந்து மணிக்கு எழுந்து, முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல். மண்டபம் மண்டபமாக அவர் நடப்பதைப் பார்க்கவே அலுக்காது. எங்கே குழந்தைகள் விளையாடியிருக்கின்றன, எந்தக் கதவருகே காற்று வந்திருக்கிறது, எந்த மேசைக்குச் சாப்பாடு ஆறிப்போய் வந்து சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டே போவார். பொய்யோ புளுகோ என்று ஒருநாள் மண்டபத்து மேலாளரைத் தனியாகப் பிடித்து விசாரித்தேன். அக்கா சொன்ன மேசைக்குத்தான் சாப்பாடு ஆறிப் போயிருந்தது. அன்றைக்கே என் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. மண்டபத்தில் எந்த நாற்காலியிலும் உட்கார மாட்டார். தேநீரும் நின்றபடிதான், ரொட்டியும் நின்றபடிதான். கால் வலிக்கவில்லையா என்று கேட்டேன். "நான் உட்கார்ந்தா நாற்காலி அசைஞ்சிடும் சார். நேத்து வந்தவங்க விட்டுட்டுப் போனது கலைஞ்சிடும்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லையாம். இதைச் சொல்லும்போது குரலில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை.

கடைசியில் மூலை கிடைத்தது. அச்சகம் ஒன்றுக்கு மேலே, முதல் மாடியில், என் பட்டியலில் இடமே பிடிக்காத ஒரு கூடம். தாழ்வான மரக் கூரை, கனத்த திரைச்சீலை, காலுக்குக் கம்பளம். 'ட' எழுத்துபோல மடங்கிய இடம் என்பதால் மேடையும் ஒலிபெருக்கியும் ஒரு பக்கம், மடக்குக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் ஒரு ஒதுக்கம். அங்கே ஏழெட்டு நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. அடுத்த வாரம் வேறு விசேஷத்துக்கு மறுநாள் போனோம், அங்கேயேதான் வட்டம். மூன்றாவது முறையும் அப்படியே.

"யாரும் யாரையும் இங்க வந்து உட்காருன்னு சொல்றதில்ல. தானா வர்றாங்க" என்றார் அக்கா. "உங்க அண்ணனை ஒருநாள் காலையில கூட்டிட்டு வாங்க. எதுக்குன்னு சொல்லாதீங்க."

நடைப்பயிற்சி என்று பொய் சொல்லி அழைத்துப் போனேன். அண்ணன் அந்த வட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவிடம், "யாரு... இங்க..." என்று தொடங்கினார். அடுத்த சொல் வரவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்துவிடுவோம், உதவி செய்கிறோம் என்ற நினைப்பில். அக்கா முடிக்கவில்லை. சாவிக்கொத்துகூடக் குலுங்காமல் நின்றார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"...உட்கார்ந்திருந்தாங்க?" என்று முடித்தார் அண்ணன்.

"யாருன்னு தெரியல அண்ணே. ஏழு பேர். அந்த ஜன்னலோர நாற்காலியில இருந்தவர் ஏதோ சொல்லியிருக்கார். மத்த ஆறு பேரும் அவர் பக்கம் திரும்பிக் கேட்டிருக்காங்க."

"மைக்?"

"அந்தக் கோடியில. இந்தப் பக்கம் சத்தம் வராது. ஆளுங்ககிட்ட சொல்லி வைக்கறேன்."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பொய் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது. "பத்து... நிமிஷம்... வரேன்" என்றார். வீட்டில் அதைச் சொன்னதும் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வரவேற்பு நாளன்று வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்பது என் வேலை. மாலை முழுதும் சிரித்துச் சிரித்துத் தாடை கழன்றுபோயிற்று. அண்ணன் உள்ளே போனதைப் பார்த்தேன், அதன்பின் பார்க்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று, அவர் வெளியே வரவில்லை. நடுவில் மணப்பெண்ணைக் காணோம் என்று புகைப்படக்காரர் புலம்பிக்கொண்டு வந்தார், கொஞ்ச நேரத்தில் அவளும் மேடைக்குத் திரும்பிவிட்டாள். எல்லாம் முடிந்து காரில் ஏறும்போதுதான் அண்ணனைக் கண்டேன். களைத்துப்போய்க் கண்ணை மூடியிருந்தார். மகளுக்காக அந்த ஒதுக்கத்தில் தனியாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறார் என்று நினைத்தேன். எதுவும் கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, என் ஹீல்ஸை ஹால்லயே விட்டுட்டேன். எங்க கழட்டினேன்னு ஞாபகமே இல்ல."

நான் போனபோது துடைப்பக்காரர்கள் வெளியே சுவரில் சாய்ந்து நின்றார்கள். உள்ளே மடக்கைத் தாண்டி, ஜன்னலோரம், அக்கா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார், யாரோ தூங்குகிற அறைக்குள் நான் வந்துவிட்டதைப்போல.

ஜன்னலுக்கு முதுகு காட்டி அண்ணனின் நாற்காலி. அதைச் சுற்றி ஒரு வட்டம். அது போதாமல் வெளியே இன்னொரு வட்டம். இங்கே இருந்த நாற்காலிகள் பற்றாமல் மேடைப் பக்கத்து வரிசையிலிருந்து இழுத்து வந்திருக்கிறார்கள். கம்பளத்தில் கால்கள் இழுபட்ட தடம் தெரிந்தது. நான் எண்ணினேன். பதினேழு. பதினேழும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. தரையில் கிழிந்த காகிதம் ஒரு துணுக்குக்கூட இல்லை.

அண்ணனின் நாற்காலியோடு முட்டிக்கொண்டு நின்ற ஒன்றை அக்கா காட்டினார். அதன் கீழே மணப்பெண்ணின் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"செருப்பைக் கழட்டி, காலை மேல தூக்கி வெச்சு உட்கார்ந்திருக்கா. எழுந்து போற அவசரமே இல்ல பாருங்க" என்றார். "முன்னாடி சாய்ஞ்சு உட்கார்ந்திருக்காங்க எல்லாரும். நாற்காலி எல்லாம் உள்பக்கமா நகர்ந்திருக்கு. சின்னக் குரல் இல்லையா. அதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. வாசலிலிருந்து, "அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்று குரல் வந்தது.

"கொஞ்சம் பொறு" என்றார்.

பிறகு மேடைப் பக்கம் போனார். வரிசையிலிருந்து ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து வெளிவட்டத்தில் இருந்த இடைவெளியில் வைத்தார். அண்ணனின் நாற்காலிக்கு நேராக அதைத் திருப்பினார். இடுப்புச் சாவிக்கொத்தைக் குலுங்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக அதில் உட்கார்ந்தார்.