கூஜா சாரும் பேச்சித்தாயின் கேள்வியும்

சிவராமலிங்கம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய பித்தளைக் கூஜாவில்தான் தொடங்க வேண்டும். சங்கரன்கோவிலில் நன்னடத்தை அலுவலராக இருந்த ஒன்பது வருஷமும் அது அவர் சைக்கிள் ஹாண்டில்பாரில் தொங்கியது. கூஜா தூக்குவது என்றால் நம் பக்கம் வேறு அர்த்தம் உண்டு. அந்த அர்த்தத்தில் அவர் யாருக்கும் தூக்கியதில்லை. தூக்கியிருந்தால் மதுரைப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு சௌகரியமாக இருந்திருப்பார்.

நான் முத்துமீனாள். 1979-இல் அந்த அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அலுவலகம் என்று பெரிதாகச் சொல்கிறேன். ஒரு மாடி அறை, இரண்டு மேஜை, கீழே தெருவிலிருந்து நாள் முழுக்க விசைத்தறிச் சத்தம். ஜெயிலில் இருப்பவனை முன்கூட்டியே விடலாமா, விட்டால் ஊரில் மறுபடி வெட்டுக்குத்து வருமா என்று விசாரித்து அறிக்கை எழுதுவது சாரின் வேலை. வெளியே வந்தவன் பிழைத்துக்கொள்ள அரசாங்க மானியம் வாங்கிக் கொடுப்பதும் அவர்தான். அவர் சொல்லச் சொல்ல அடிப்பேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் அதையும் சொல்லிவிடுவேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

கொலை நடந்த ஊரில் கொன்றவன் வீடும் செத்தவன் வீடும் பெரும்பாலும் ஒரே தெருவில்தான் இருக்கும். அதிகாரி ஒரு வீட்டில் காப்பி குடித்தால் போதும், அவர் அந்த வீட்டு ஆள் என்று மறு வீடு முடிவு கட்டிவிடும். அப்புறம் அங்கே யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் சார் எந்த வீட்டிலும் கை நனைப்பதில்லை. சைக்கிளை பஸ் கூரையில் போட்டு ராயகிரி வரை போய், மிச்சத்தை மிதித்து, வாசலில் நின்று பேசிவிட்டுத் தன் கூஜாவிலிருந்தே தண்ணீர் குடிப்பார். ஊர்ப்பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் கூஜா சார்.

ராயகிரிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், தண்ணீர் பாய்ச்சும் முறை யாருடையது என்ற தகராறில் ஆறுமுகச்சாமி என்பவன் மண்வெட்டியை ஓங்கிவிட்டான். பக்கத்து வயல்காரர் சண்முகையா வரப்பிலேயே விழுந்து செத்தார். இது 1972-இல். ஆயுள் தண்டனை. இரண்டு வருஷம் சார் இரண்டு வீட்டு வாசலிலும் மாறி மாறி நின்றார். 1981-இல் அவருடைய அறிக்கையின் பேரில் ஆறுமுகச்சாமியை விட்டார்கள்.

அடுத்தது மானியம். மேலாபீஸ் பட்டியலில் தையல் மிஷின், சலூன் சாமான், டீக்கடைப் பாத்திரம் என்று இருந்தது. சார் ஆடு கேட்டார். ஆடு செத்துப்போனால் யார் பொறுப்பு என்று கேள்வி வந்தது. “தையல் மிஷின் குட்டி போடாதுன்னு அடிம்மா” என்றார். நான் கொஞ்சம் மரியாதையாக மாற்றி அடித்தேன். ஐந்து மாதம் கழித்துப் பத்துச் செம்மறி கிடைத்தது. ஆறுமுகச்சாமியின் மனைவி பூமாரி தன் தகப்பன் வீட்டு ஆடு நாற்பதையும் சேர்த்துக்கொண்டாள். ஐம்பது உருப்படி இருந்தால் கிடை போடலாம். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆட்டை அடைத்தால் சாணமும் மூத்திரமும் வயலுக்கு உரம். வயல்காரர் அதற்குக் கூலியாக நெல் கொடுப்பார். அந்த நெல்தான் ஆட்டுக்காரன் வீட்டுச் சோறு.

இங்கேதான் சாரும் நானும் ஏமாந்தோம். ஆட்டுக்கு மானியம் உண்டு. அதை அடைக்க வயலை யார் கொடுப்பது? செத்துப்போன சண்முகையாவின் மனைவி பேச்சித்தாய். அவள் தம்பி குருசாமி, “எவன் வயல்ல அந்தக் கிடை கிடக்கோ அவனும் எனக்குப் பகையாளிதான்” என்று சொல்லிவிட்டான். ஒருத்தரும் இடம் கொடுக்கவில்லை. பூமாரி ஒருநாள் பஸ் ஏறி எங்கள் மாடிக்கே வந்துவிட்டாள். “சார், எங்க வீட்டுக்காரக இடுப்புல அருவாளைச் சொருகிட்டு அலையுதாக. எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லி அழுதாள். இன்னொரு கொலை விழப்போகிறது என்று எனக்கே பட்டது.

மறுநாள் சார் பேச்சித்தாய் வீட்டுக்குப் போனார். சித்திரை வெயில். போகிற வழியில் கூஜா மூடி கழன்று தண்ணீர் முழுக்க ரோட்டில் கொட்டிவிட்டது. வாசலில் நிற்கும்போதே அவருக்குக் கண் இருட்டியிருக்கிறது. பேச்சித்தாய் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். சார் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“மூணு வருசமா வாரீக, எழுதுதீக, போறீக. எங்க தண்ணி உங்களுக்கு ஆகாது. சரி. ஒண்ணு கேக்கேன். வெட்டுனவனுக்கு ஆடு வாங்கிக் குடுக்க ரூல் இருக்கு. செத்தவுக வீட்டுக்கு ஒரு ரூலும் இல்லியா?”

இல்லை. உண்மையில் இல்லை. பத்து வருஷமாக அரைக்குறுக்கத் துண்டு வயலைத் தனியாளாகக் கொத்திக்கொண்டிருக்கும் அந்தப் பொம்பளைக்கு எங்கள் பீரோவில் ஒரு விண்ணப்பப் பாரம்கூடக் கிடையாது. எனக்கும் இது ஒருநாளும் தோன்றியதில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சார் சொம்பை வாங்கி முழுத் தண்ணீரையும் குடித்துவிட்டார்.

தெருவே பார்த்தது. நாலு வீடு தள்ளிப் பூமாரி வாசலுக்கு அவர் போனபோது அவள் முகம் கொடுக்கவில்லை. “அங்கன கை நனைச்சாச்சு. இனி எங்களுக்காக என்ன பேசப் போறீக?” என்று நடைக்கதவை அடைக்கப் போனாள்.

சாருக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. “எனக்குப் பசிக்கும்மா, சோறு இருந்தா போடு” என்றார். அவர் கோவில் பக்கத்துச் சைவக்காரர். பூமாரி வீட்டில் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. பாவம், அவள் திகைத்துப் போனாள். கடைசியில் பழைய சோறும் நீச்சத்தண்ணியும் வெங்காயமும் வைத்தாள். சார் வாசல்நடையில், தெரு பார்க்க உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டார். ஆறுமுகச்சாமி தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

கை கழுவிவிட்டு நேரே பேச்சித்தாயிடம் திரும்பிப் போய், “ரூல் இல்லம்மா. இருக்கான்னு இத்தனை வருசம் நானும் பாக்கல” என்றார். அவ்வளவுதான். சமாதானம் பேசவில்லை, ஆட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆபீசுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, “கெடுத்துட்டேன் போலிருக்கும்மா” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பேச்சித்தாய் எங்களுக்கு ஆள் அனுப்பியிருந்தாள். கிடை அவள் வயலில் கிடக்கலாம். காவலுக்குப் பூமாரி மட்டும் வர வேண்டும். அவன் வரப்பை மிதிக்கக் கூடாது. கிடைக்கூலி கிடையாது. வருசா வருசம் முதல் கிடை அவள் வயலுக்கு.

பூமாரி அன்றைக்கே சரி என்றாள். கிடை விழுந்தது. சொந்த அக்கா வயலிலேயே ஆடு கிடக்கும்போது குருசாமி யாரைப் போய்ப் பகையாளி என்பது? இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். அந்தக் கோடையில் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பூமாரி கையில் நெல் வந்தது. ஆறுமுகச்சாமியின் அரிவாள், குட்டிகளை அடைக்கும் கொடாப்புக்குத் தழை வெட்டப் போய்விட்டது. அந்த ஊருக்குப் போகும்போது மட்டும் அப்புறம் சாரின் கூஜா காலியாகவே போகும். இரண்டு வீட்டிலும் தண்ணீர் குடிப்பார்.

வருஷக் கடைசியில் மேலாபீசுக்கு ஒரு படிவம் போக வேண்டும். “மானியத்தால் பயனடைந்தோர்” என்று ஒரு கட்டம். நான் ஆறுமுகச்சாமி பெயரை அடித்தேன். “அதுக்குக் கீழ பேச்சித்தாய்னும் அடி” என்றார் சார்.

“மெமோ வரும் சார்.”

“வரட்டும்மா.”

வந்தது. பேச்சித்தாய் என்ற பெயரில் விடுதலையான கைதி எவரும் பதிவேட்டில் இல்லை, விளக்கம் தேவை என்று கேட்டிருந்தார்கள். சார் பதில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இந்தத் தடவை ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

“மேற்படி பேச்சித்தாய் கைதி அல்ல. கொல்லப்பட்டவரின் மனைவி. அவருக்கென்று பதிவேடு இல்லாததால் இதில் எழுத நேர்ந்தது.”

அதற்கு மேலாபீசிலிருந்து பதில் வரவில்லை. அடுத்த வருஷமும் அதே கட்டத்தில் அவள் பெயரை அடித்தேன். அந்தத் தடவை சார் சொல்லவில்லை, நானாகத்தான் அடித்தேன்.