பெரியத்தாவை வெட்டிய படம்

ஜமீலா, பஷீர், உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் ஆற்றுமணல் படத்தின் இடது ஓரத்தில் கறுப்பாக ஒன்று கிடக்கிறதே, அது காளான் என்கிறாள் ஜமீலா, செத்த காக்கா என்கிறான் பஷீர். நேற்று அதற்காகத் தலையணைச் சண்டை வேறு. அது காளானும் இல்லை, காக்காவும் இல்லை. திருச்சியில் இருக்கும் என் அண்ணன், உங்கள் பெரியத்தாவின் நிழல் அது. கையில் குடை பிடித்திருக்கிறார். நிழல் இருந்தால் ஆள் எங்கே என்று கேட்பீர்கள். ஆளை வெட்டியாகிவிட்டது. பயப்படாதீர்கள், அவரைக் கேட்டுக்கொண்டுதான் வெட்டினோம்.

இந்தப் பினாங்குக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத காரியம் ஒன்று சனிக்கிழமைதோறும் நடக்கிறது. ஜவுளிக்கடை வேலை முடிந்ததும் நான் கேமரா கிளப்புக்குப் போகிறேன் அல்லவா? அங்கே ஒவ்வொருவரும் தான் எடுத்த படத்தை மேஜைமேல் வைக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று அதில் என்னென்ன குறை என்று சொல்வார்கள். வெளிச்சம் போதாது, அடிவானம் சாய்ந்திருக்கிறது, மரம் தலையில் முளைத்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்ததும், படத்துக்குச் சொந்தக்காரர் 'தேங்க் யூ' என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் நானும் சொன்னேன். ஆனால் வீடு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். காசு கொடுத்து பிலிம் வாங்கி, வெயிலில் நின்று எடுத்த படத்தைக் குறை சொன்னவனுக்கு நன்றி வேறா?

நம் திருச்சியில் இப்படி இல்லை. கப்பலேறுவதற்கு முன்பு நான் பழைய பாக்ஸ் கேமரா ஒன்று வாங்கியிருந்தேன். எடுத்த படங்களை மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு டீக்கடையில் காட்டுவேன். பத்துப் பேர் கூடுவார்கள். ஒருவர்கூடப் படத்தைப் பற்றிப் பேச மாட்டார். "யாரு, நம்ம காதரா? என்ன இப்படி எளைச்சுட்டான்?" என்பார் ஒருவர். "எளைக்காம? மாமியார் வந்து ஒரு மாசமாச்சுல்ல!" என்பார் அடுத்தவர். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, "ரொம்ப நல்லா விழுந்திருக்குப்பா" என்பார்கள். அவ்வளவுதான். அங்கே படம் என்றால் ஆள். இங்கே கிளப்பில் நான் நேர்மாறாகப் பார்த்தேன். படத்தில் இருப்பவர் யார், உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு ஈ காக்கா கேட்காது.

முதல் தடவை லீவில் ஊருக்குப் போனபோது அந்த மணல் படத்தை எடுத்தேன். காவேரியில் தண்ணீர் வற்றியிருந்த மாதம். ஸ்ரீரங்கம் கரையில் காலை வெயிலில் நின்றால், வெள்ளை மணலுக்கு அப்பால் மலைக்கோட்டை சின்னதாகத் தெரியும். மணலில் ஒரு மாட்டு வண்டி வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது. நான் கேமராவைச் சரிசெய்து நிமிர்ந்தால், இடது பக்கத்தில் உங்கள் பெரியத்தா, தொப்பி, ஜிப்பா, விரித்த குடை, நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க. நான் வண்டியை எடுக்கறேன்."

"வண்டியை எடுத்து என்னடா பண்ணுவே? ஆள் இல்லாம ஒரு போட்டோவா? சும்மா எடு, கண்ணு கூசுது."

எடுத்தேன். அவரைத் தள்ளி நிற்கச் சொல்ல எனக்கு அதற்குமேல் வாய் வராது. எங்கள் அத்தா மவுத்தாகி எங்களை விட்டுப் போனபோது நான் அரை டிராயர் போட்ட பையன். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வெங்காய மண்டியில் உட்கார்ந்தார். என்னை எட்டாவது வரை படிக்க வைத்ததும், நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிவிட்டதும் அவர்தான்.

பினாங்கு திரும்பி அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு மேஜைமேல் வைத்தேன். கிளப் தலைவர் மிஸ்டர் டான், மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் சீனர். 'ட' வடிவத்தில் இரண்டு கறுப்பு அட்டைகள் எப்போதும் அவர் சட்டைப்பைக்குள் இருக்கும். அவற்றைப் படத்தின்மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தி, எந்த இடத்தில் கத்தரித்தால் நன்றாக இருக்கும் என்று பார்ப்பார். அட்டையை அண்ணன்மேல் வைத்து மூடிவிட்டு, "போத்தோங்" என்றார். மலாயில் வெட்டு என்று அர்த்தம்.

"அவர் என் அண்ணன்" என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"ஓ, அண்ணன் எடுத்த படமா? அப்ப அண்ணனிடமே சொல், வெட்டட்டும்" என்றார் அவர், எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த அரைகுறைப் பாஷையில்.

சிரிக்காதீர்கள். வருடா வருடம் கிளப் நடத்தும் கண்காட்சியில் என் படம் ஒன்று தொங்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை. வெட்டாமலே கொடுத்துப் பார்த்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். டான் சொன்னது சரி என்று என் கண்ணுக்கும் தெரிந்தது. அண்ணனை மூடினால் மணல் விரிந்துகொண்டு போகிறது, வண்டி உண்மையாகவே நகர்கிறது. ஆனால் உயிரோடு இருப்பவர் படத்தில் கத்தரி வைப்பது நம் வீடுகளில் செய்யாத காரியம். கல்யாண குரூப் போட்டோவில் சண்டைக்காரச் சம்பந்திகூட முழுசாகத்தான் நிற்பார். வெட்டினால் உறவையே அறுத்துவிட்டதாகப் பேச்சு வரும். அதனால் அடுத்த லீவு வரைக்கும் படத்தைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

அந்த லீவில் படத்தையும், டான் வைத்திருப்பதுபோல் நானே வெட்டிய இரண்டு அட்டைகளையும் கொண்டுபோனேன். முழுப் படத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, ராஜா மாதிரி நிக்கறேன்!" என்று உங்கள் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் மெதுவாக அட்டையை வைத்தேன்.

"நான் எங்கடா?"

"இப்படி இருந்தாத்தான் எடுத்துக்குவாங்களாம், அண்ணே."

"ஓகோ. உங்க சீனாக்காரரு என் தலையை வாங்கிட்டாரா?"

பெரியம்மா எட்டிப் பார்த்து, "அட, வண்டி வருதே! இத்தனை நேரம் எனக்கு இது தெரியவேயில்லையே, தம்பி" என்றார். அண்ணன் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார். சாப்பிடக்கூட இல்லை. போச்சு, கண்காட்சியும் போச்சு, அண்ணனும் போனார் என்று நினைத்தேன்.

மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். மண்டியில் அவர் படத்தை வெங்காய மூட்டைமேல் வைத்து, வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் தன்னை மூடுவார், திறப்பார். "நான் இருக்கறது நல்லா இருக்கா, இல்லாதது நல்லா இருக்கா? பயப்படாம சொல்லு."

"நீங்க இல்லாம படமா, பாய்?" என்றார்கள் எல்லோரும். எல்லோரும் அவரிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பவர்கள்.

மத்தியானம் வரை கேட்டுவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். "ஒருத்தனும் நெசம் சொல்ல மாட்டேங்கறான்டா. என்னைத் தெரியாத ஆளாப் பாத்துக் கேக்கணும். வா, அக்கரைக்குப் போவோம்."

பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். பஸ் ஸ்டாப்பில் நாமம் போட்ட பெரியவர் ஒருவர் கையில் காய்கறிப் பையோடு நின்றிருந்தார். அண்ணன் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு படத்தை நீட்டினார்.

"சாமி, இந்தப் படத்துல ஏதாச்சும் கொறை இருக்குங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பேஷா இருக்கு. நம்ம காவேரின்னா! ஆனா இவர் யாரு பாய்? சுங்கம் வசூல் பண்ணிண்டு நிக்கறார்? இவர் நகர்ந்தாத்தானே வண்டி போகும்!"

அடுத்த நிமிஷமே படத்தையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அடடா, நீங்கதானா! தப்பா எடுத்துக்கப்படாது."

"இல்லீங்க சாமி, ரொம்ப தேங்க்ஸுங்க. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஆத்தைத் தாண்டி வந்தேன்" என்றார் அண்ணன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பினாங்கில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன வார்த்தையை, கிளப்பையே பார்க்காத மனுஷர் சிரித்துக்கொண்டு சொல்கிறார். திரும்பும் வழியில் பாலம் தாண்டும் வரைக்கும் "சுங்கம்! சுங்கம்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் தரையில் பலகை போட்டுப் படத்தை வைத்தோம். அண்ணன் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் பிளேடை வைத்தேன்.

"இருடா. நிழலை வெட்டாதே. அது வண்டியை ஒண்ணும் மறிக்கலே. நான் வந்தேன்கறதுக்கு அது ஒண்ணாச்சும் அங்க இருக்கட்டும்."

"சரிண்ணே."

"வெட்டின துண்டை எனக்குக் குடு. குப்பையில போட்டுடாதே."

அவர் காலடியோடு வெட்டினேன். அவர் நின்ற துண்டை மண்டிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது என்று எழுதுகிறார். பட்டப்பகலில் குடை பிடித்துக்கொண்டு, நிழலே இல்லாமல் நிற்கிறாராம். டீக்கடை கும்பல் அதைப் பார்த்து, "ரொம்ப நல்லா விழுந்திருக்கு" என்கிறார்களாம்.

மீதிப் படம் இங்கே கண்காட்சியில் தொங்கியது. டான் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். வண்டியை விட்டுவிட்டு ஓரத்து நிழலைத் தொட்டுக் காட்டி, "இதுதான் படம். இது யார் நிழல்?" என்றார். அந்தக் கிளப்பில் யார் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "போத்தோங் ஆன அண்ணன்" என்றேன். ஏதோ கலைப்பேச்சு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். கிளப்பில் யாராவது படத்தை வைத்து அபிப்பிராயம் கேட்டால், முதலில் "இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று விசாரிப்பேன். அதற்கப்புறம்தான் எங்கே வெட்டலாம் என்று சொல்வேன். வெளிச்சத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் இந்த ஆள் குடும்பக் கதை கேட்கிறான் என்று டான் முணுமுணுப்பார். சென்ற சனிக்கிழமை ஒரு மலாய்க்காரர் தன் மாமனார் கதையை அரை மணி நேரம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, தானாகவே மாமனாரை அட்டையால் மூடினார்.

கண்காட்சி முடிந்து படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், ஹால் சுவரின் நட்டநடுவில் மாட்டினேன். பளிச்சென்று இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஸ்கூலுக்கும் உங்கள் அம்மா மார்க்கெட்டுக்கும் போயிருந்த ஒரு காலையில், நான் மட்டும் அதற்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தேன். டீ பாதி இருக்கும்போதே எழுந்துபோய் ஆணியைப் பிடுங்கினேன். வலது பக்கம் ஒரு சாண் தள்ளி அடித்து, படத்தை மாட்டினேன். இடது பக்கம், ஒரு ஆள் குடையோடு நிற்கிற அளவுக்குச் சுவரைக் காலியாக விட்டேன்.