கோகிலனிடம் எல்லாருடைய சாவியும் இருந்தது

கணினிப் பாதுகாப்புப் பொறியியலின் அரிச்சுவடியைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படிப்பட்ட வேலை என்றால், காலையில் கதவு போடுவது எப்படி என்று நடத்திவிட்டு மாலையில் எட்டிப் பார்த்தால், அந்தக் கதவைக் கழற்றித் தரையில் போட்டு, மேலே உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், மலாய் மண்ணில் இருக்கும் ஸ்கூடாயில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான் பயிற்றுநர். பெரிய விரிவுரையைப் பேராசிரியர் மண்டபத்தில் முடித்துவிடுவார். பிறகு ஆய்வகத்தில் மாணவர்களோடு மல்லுக்கட்டுவது என் பங்கு. எனக்குக் குரல் வேறு சன்னம். கடைசி வரிசையில் இருப்பவர்கள் என் வாயசைவைப் பார்த்துத்தான் குறிப்பெடுக்கிறார்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்று வாயடைத்துப்போன சக ஜீவன்களே, நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

யார் உள்ளே வர முடியும்?

முதல் வகுப்பு. ஆளுக்கொரு தாள் கொடுத்து, "உங்கள் பல்கலைக்கழகக் கணக்கை ஒரு வீடாக வரையுங்கள். அதற்குள் யாரெல்லாம் வர முடியும் என்று பக்கத்தில் எழுதுங்கள்" என்றேன். பாதுகாப்புப் பொறியியலில் முதல் படி அதுதான்: பூட்டை வாங்கும் முன்னால் யாருக்காகப் பூட்டு என்று தெரிந்துகொள்வது. வெளிநாட்டு ஹேக்கர், வைரஸ், போலி மின்னஞ்சல் என்று எழுதுவார்கள், அங்கிருந்து பாடத்தை ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தேன்.

தாள்களை வாங்கிப் புரட்டினேன். முதல் தாளில் 'கோகிலன்'. அடுத்ததிலும் கோகிலன். அடுத்ததிலும். யாரோ ஒரு பையன் மொத்த வகுப்பையும் மிரட்டி வைத்திருக்கிறான், முதல் நாளே போலீஸ் கேஸ் என்று நினைத்துக்கொண்டு, "இங்கே கோகிலன் யார்?" என்று கேட்டேன். ஜன்னலோரம் ஒல்லியாக ஒரு பையன், வகுப்புப் பிரதிநிதி, சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பாடப் பதிவு நாளன்று பல்கலைக்கழக இணையதளம் திணறும். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வாடகை வீடு எடுத்திருப்பவர்கள் வீடு முழுக்க ஒரே இணைய லைனில் தொங்குவார்கள். கோகிலனின் மாமா ஸ்கூடாயில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். அங்கே லைன் பறக்கும். ஆகவே எல்லாரும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட, அவன் கடையில் உட்கார்ந்து மொத்த வகுப்புக்கும் பதிந்து தள்ளிவிடுவான். சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கமாம். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு முன்வரிசைப் பெண் ஒருத்தி என்னைத் தேற்றினாள்: "நீங்க திருடன் பேர எழுதச் சொல்லலையே சார், உள்ள வர முடிஞ்சவங்க பேரத்தானே எழுதச் சொன்னீங்க. கோகிலன் நம்ம பையன்லா."

வீட்டுப்பாடம் செய்த வகுப்பு

அந்தப் பெண்ணின் பெயர் தனம். ஊர் மெர்சிங். அப்பா தீவுகளுக்குப் போகும் படகில் வேலை. மகள் பல்கலைக்கழக விடுதியில் தங்குவதானால் படிக்கட்டும், வெளியே வீடு எடுத்துத் தங்குவதானால் படிப்பு வேண்டாம், ஊருக்கே வந்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. பெர்மாஸ் ஜெயாவில் அத்தை வீடு உண்டு. ஆனால் அங்கிருந்து ஸ்கூடாய்க்கு பஸ் மாறி வந்து சேர்வதற்குள் காலை வகுப்பு முடிந்து எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள். ஒவ்வொரு பருவமும் விடுதி அறை கிடைக்கிறதா என்பதில்தான் அவள் படிப்பே நின்றது.

இந்த மாதிரிப் பிள்ளைகளை நினைத்துத்தான் அன்று தொண்டை வறள நடத்தினேன். பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும், வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும், இன்றைக்கே எல்லாரும் மாற்ற வேண்டும், இதுதான் வீட்டுப்பாடம். மறுவாரம் கேட்டேன். அத்தனை பேரும் மாற்றியிருந்தார்கள். வீட்டுப்பாடத்தை மொத்த வகுப்பும் செய்து நான் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி முடிப்பதற்குள் தனம் எழுந்து, இன்னும் சந்தோஷப்படட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்தாள்: "எல்லாரும் புதுச குரூப்புல போட்டாச்சு சார், கோகிலன் பழசெல்லாம் அழிச்சிட்டு புதுச மேல பின் பண்ணி வெச்சிட்டான்."

தினமும் ஒரு ரோஜாப் படம்

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் தெளிந்ததும், "அந்த வாட்சப் குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் யார் என்று சொல்லுங்கள்" என்றேன். எல்லாரும் வகுப்பில் இருந்தார்கள், நவீன் ஒருவனைத் தவிர. அவன் போன பருவமே படிப்பை விட்டுவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். "ஆனா குரூப்ப விட்டுப் போகல சார். இப்பல்லாம் ரொம்ப பக்தியாயிட்டான். தினமும் காலையில ரோஜாப் படம், 'இனிய காலை வணக்கம்', முருகர் படம். நாங்களும் ஒரு கும்பிடு போட்டுருவோம்" என்றான் கோகிலன்.

எனக்கு ஏதோ உறுத்தியது. ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிடச் சொன்னேன். மணி அடித்தது. எடுத்தது ஒரு பெண்குரல், பின்னால் தொழிற்சாலை இரைச்சல். நவீன் சிங்கப்பூர் போனதும் பழைய நம்பரை விட்டுவிட்டான். தொலைபேசிக் கம்பெனி அதை வேறொருவருக்கு விற்றுவிட்டது. வாங்கிய அக்கா, இது தன்னுடைய தொழிற்சாலைக் குழு என்று நினைத்து வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். போன வாரம் போட்ட பாஸ்வேர்டுகள் எல்லாம் அவர் கையிலும் இருக்கின்றனவே. தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருக்குத்தான் மனசு புண்பட்டுவிட்டது: "நான் யாரோட கணக்கையும் தொறக்கல தம்பி, எனக்கு என்னோட பாஸ்வேர்டே ஞாபகத்துல நிக்காது."

இரண்டாவது பூட்டு

அக்காவைக் குழுவிலிருந்து எடுத்தாயிற்று. பாஸ்வேர்டுகளை மறுபடி மாற்றியாயிற்று. (கோகிலனுக்கு மட்டும் தனித்தனியே அனுப்பினார்கள் என்பது பின்னால் தெரியவந்தது.) நான் அடுத்த பாடத்துக்குப் போனேன். பாஸ்வேர்டு யார் கைக்குப் போனாலும், கணக்குக்குள் நுழைய உங்கள் கைப்பேசிக்கு வரும் எண்ணையும் போட்டாக வேண்டும் என்று அமைத்துவிடுங்கள். கைப்பேசி உங்கள் சட்டைப்பையில், ஆகவே கணக்கும் உங்கள் கையில். இதற்கு மேல் எளிமையாக என்னால் சொல்ல முடியாது.

சொன்னபடி எல்லாரும் அமைத்தார்கள். வரிசையாகப் போய்ப் பார்த்தேன். திரையில் பதிந்த நம்பரின் கடைசி இலக்கங்கள் தெரியும் அல்லவா, எல்லார் திரையிலும் அவை ஒன்றுபோல் இருந்தன. முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஜன்னலோரம் கோகிலனின் கைப்பேசி விடாமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பையன் பொறுமையாக விளக்கினான்: "அலமாக், ஐயோ, எங்க நம்பரப் போட்டா கோட் எங்களுக்கு வரும், நாங்க அத அவனுக்கு அனுப்பணும், அதுக்குள்ள பாடம் ஃபுல்லாயிடும் சார், அதான் நேரா அவன் நம்பரையே போட்டுட்டோம்."

சொந்த விருப்பத்தின் பேரில்

பருவ விடுமுறை முடிகிற சமயம் தனம் ஆய்வக வாசலில் வந்து நின்றாள். கைப்பேசியை நீட்டினாள். விடுதி அலுவலகம் அனுப்பிய செய்தி: உங்கள் விருப்பப்படி, உங்களுக்கு ஒதுக்கிய அறை விடுவிக்கப்பட்டது. அவள் அறையை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. மெர்சிங் வீட்டில் லைன் சரியில்லை என்று, 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தும் வேலையையும் கோகிலனிடமே விட்டிருந்தாள். "ரோஜா அக்காதான்" என்று வகுப்புக் குழு ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. தொழிற்சாலைக்கே போய்க் கேட்கலாம் என்று கிளம்பியவர்களும் உண்டு.

நான் தனத்தையும் கோகிலனையும் கூட்டிக்கொண்டு விடுதி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய் அம்மையார் கணினிப் பதிவைத் திருப்பிக் காட்டினார். பாஸ்வேர்டு சரி. கைப்பேசிக்கு அனுப்பிய எண்ணும் சரியாக உள்ளிடப்பட்டிருக்கிறது. அந்த எண் ரோஜா அக்காவுக்குப் போக வழியே இல்லை. நான் மெல்லத் திரும்பிக் கோகிலனைப் பார்த்தேன். அவன் கைப்பேசியில் பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனான். முகத்தில் ரத்தமே இல்லை.

அவனுக்கும் விடுதி அறை ஒதுக்கியிருந்தார்கள். நண்பர்களோடு தாமான் வீட்டுக்குப் போவதால் தன் அறையை 'வேண்டாம்' என்று விட்டுவிட நினைத்திருந்தான். அன்று மாமா கடையில், எல்லார் கணக்கையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்திருக்கிறான். தன் பக்கம் என்று நினைத்துத் தனத்தின் பக்கத்தில் 'வேண்டாம்' அழுத்திவிட்டான். தன்னுடையதை ஏற்றுக்கொண்டிருக்கிறான். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட அம்மையார், எனக்காக மலாயில் நிதானமாகச் சொன்னார்: "பாஸ்வேர்டும் சரி, எண்ணும் சரி, அப்படியென்றால் எங்கள் கணக்குப்படி அது தனம்தான்."

படகுச் சாவி

வெளியே வந்து நின்றோம். உண்மையைச் சொன்னால் அறை திரும்பக் கிடைக்கலாம். ஆனால் பாஸ்வேர்டைக் கொடுத்ததும் குற்றம், வாங்கியதும் குற்றம், இரண்டு பேர் வீட்டுக்கும் எச்சரிக்கைக் கடிதம் போகும். "நான் போய்ச் சொல்றேன்" என்றான் கோகிலன். "நீ சொல்லாத. அந்தக் கடிதத்த அப்பா பார்த்தா, ரூம் இருந்தாலும் கூட்டிட்டுப் போயிருவாரு" என்றாள் தனம். "சொல்லாட்டி ரூமே இல்லயே." "தெரியுதுலா. கொஞ்சம் வாய மூடு."

கடைசியில் அவளே அப்பாவைக் கூப்பிட்டாள். கடிதம் போய்ச் சொல்வதற்கு முன்னால் தான் சொல்லிவிடுவது மேல் என்று. ஸ்பீக்கரில் கடற்காற்று இரைந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அழாமல். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பருவம் முழுக்க நான் கத்தாத குரலில் கத்தியதெல்லாம் அவர் வாயைத் திறந்ததும் கடலில் போயிற்று: "சாவியக் கொடுத்தா என்ன, இங்க படகுத்துறை ஜெட்டியில எல்லார் படகுச் சாவியும் ஒரே கடையிலதான் தொங்குது, ஆனா மாத்தி எடுத்துட்டுப் போனவன் வந்து சொல்லணும், அந்தத் தம்பியப் போய் சொல்லச் சொல்லு."

ஒரே வரிசை

கோகிலன் உள்ளே போனான். ஒன்றையும் மறைக்கவில்லை. நல்லவேளை, அந்த அறை இன்னும் அடுத்தவர் கைக்குப் போகவில்லை. அம்மையார் அதைத் தனத்தின் பெயருக்கே திருப்பி எழுதினார். இருவருக்கும் கடிதம் உறுதி என்றும் சொல்லிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிற்கவில்லை. "வேறு யாருடைய கணக்காவது உன்னிடம் இருக்கிறதா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். கோகிலன் உண்மை பேசுகிற வேகத்தில் இருந்தான். "எல்லாருடையதும் இருக்கு புவான்" என்றான் மலாய் மரியாதையோடு.

அரைமணி நேரத்தில் மொத்த வகுப்பின் கணக்கும் பூட்டப்பட்டது. ஆளாளுக்கு அடையாள அட்டையோடு நேரில் வந்து, சொந்த நம்பரைக் கொடுத்துத்தான் திறக்க முடியும். மறுநாள் வரிசை வாசல் தாண்டி வாகனம் நிறுத்துமிடம் வரை போனது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த நான் நின்றிருந்தேன். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "மன்னிக்கவும், நீங்கள் என்ன பாடம் நடத்துவதாகச் சொன்னீர்கள்?"

பதிவு நாள்

பாடப் பதிவு நாள் வந்தது. பழக்கத்தை விட முடியாமல் சிலர் புதுப் பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கோகிலனைத் தேடியதாகக் கேள்விப்பட்டேன். கொடுக்காவிட்டால் அவன் மனசு கஷ்டப்படுமாம். தனம் மட்டும் அவனிடம் போய், "இனிமே உனக்குத் தர மாட்டேன், தப்பா நினைக்காத" என்று நேருக்கு நேர் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், நட்பு முறிந்தது, வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும் என்று பயந்துகொண்டே மாமா கடைக்குப் போனேன்.

கடையில் கோகிலன் தனியாக உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தான். காகிதம் கொண்டுவந்தவர்களைத் தனத்தை உதாரணம் காட்டியே திருப்பி அனுப்பிவிட்டானாம். மேசையில் அவன் கைப்பேசி சத்தமில்லாமல் கிடந்தது. கோபமா என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டு, இந்தப் பருவத்தில் பட்ட அதிர்ச்சிகளிலெல்லாம் இதற்குத்தான் நான் அதிகம் ஆடிப்போனேன்: "எல்லாருக்கும் பதிஞ்சிட்டு கடைசியில எனக்குப் பதியறப்போ எப்பவும் விடியகாலை வகுப்புதான் மிஞ்சும் சார், இன்னிக்குத்தான் முதல் தடவையா எனக்கு வேணுங்கற நேரம் கெடச்சிருக்கு, தனம் கேட்டா தேங்க்ஸ்னு சொல்லுங்க."

அந்நியரைத் தடுப்பதற்கு எங்கள் பாடத்திட்டத்தில் பக்கம் பக்கமாக வழி இருக்கிறது. நண்பனிடம் 'தர மாட்டேன்' என்று சொல்வதற்குத்தான் இன்னும் ஒரு வரி கூட இல்லை.