முகத்துக்கு இரண்டு நாள் லீவு

எனக்குத் தாடி இருந்தது. இப்போது சொல்லச் சிரிப்பாக வருகிறது. இருபத்து மூன்று வயதில் இந்த வாக்கியத்தை எழுதியிருந்தால் காகிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன். முகவாயில் பதினைந்து இருபது முடிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் கறுப்பாக, தடியாக, என்னைப் போலவே பிடிவாதமாக இருக்கும்.

பீர்க்கன்கரணை வீட்டில் அம்மா எழுந்திருப்பதற்கு முன்னால் கைக்கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். யாராவது முகத்துக்கு நேரே பேசினால் கைக்குட்டையால் முகவாயைப் பொத்திக்கொள்வேன். எனக்குத் தீராத ஜலதோஷம் என்று ஆபீசே நம்பியது. ஒருவர் துளசிக் கஷாயம்கூடக் கொண்டுவந்து கொடுத்தார், குடித்தேன்.

கூட வேலை பார்த்த ஒருத்தி மட்டும் நம்பவில்லை. சேலையூரில் ஒரு காலனி வீட்டின் முன்னறையில் ஓர் அக்கா எலக்ட்ராலிசிஸ் செய்கிறார் என்று காதில் சொன்னாள். அது தொண்ணூறுகளின் தொடக்கம். அந்த வார்த்தையை வாயில் நுழைத்துக்கொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

அக்கா பம்பாயில் பயிற்சி எடுத்தவர். முடி முளைக்கும் துளைக்குள் மெல்லிய ஊசியை நுழைத்து, துளியளவு கரண்ட் கொடுப்பார். எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்னும். வேர் செத்ததும் முடி தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆளுக்கொரு புது ஊசி. நம் கண் முன்னால்தான் உறையைப் பிரிப்பார். "நீ எங்க போய்ப் பண்ணிக்கிட்டாலும் இதைப் பார்க்காம முகத்தைக் காட்டாதே" என்பார். நடுவில் கரண்ட் போய்விட்டால் பாதித் தாடியோடு திரும்ப வேண்டியதுதான். ஒரே நாளில் தீருகிற வேலையும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போய்வந்தேன்.

ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது அதே பாட்டு: "ரெண்டு நாள் மூஞ்சை மறந்துடு. வெயில் வேண்டாம், வெந்நீர் வேண்டாம், சோப்பு, பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம். சின்னச் சின்னதாப் பொருக்குக் கட்டும், பிய்க்காதே, அதுவா உதிரும். நடுவுல முடி தெரிஞ்சா கத்திரியால வெட்டிக்கோ, பிடுங்காதே."

இதற்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நல்லவர். அவர் அம்மா, நான் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தவர், கல்லுப்பைக்கூடக் கண்ணால் அளந்து பார்த்தே வாங்குகிற ரகம். அவருக்குத் தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே நிறுத்திவிடலாம் என்றார் அக்கா. சரி என்று தலையாட்டினேன். ஆனால் ஆறு நாள் இருக்கையில் கண்ணாடியில் நாலைந்து முடி தெரிந்தது. சேலையூருக்கு ஓடினேன். "கத்திரிச்சுக்கோ, போதும்மா" என்று அவர் சொல்லச் சொல்ல, அழுது அடம்பிடித்துச் செய்துகொண்டேன். திரும்புகிற வழியில் மே மாத வெயிலில் முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றேன். மறுநாள் காலை, கல்யாணப் பெண் பளபளக்க வேண்டுமென்று அம்மா பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்து நீட்டினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். வாங்கி அழுத்தித் தேய்த்து, வெந்நீரில் கழுவினேன். அக்கா சொன்ன அத்தனையையும் ஒரே குளியலில் மீறியாயிற்று.

அதற்கடுத்த நாள் முகவாய் முழுக்கச் சிவந்த முத்துகள். அம்மா பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே, மாரியாத்தா! இப்பவா வரணும்?"

அம்மை என்றே தீர்மானித்துவிட்டாள். அரை மணியில் கேட்டில் வேப்பிலைக் கொத்து, எனக்குத் தனிப் பாய், இளநீர். அம்மை கண்டவர்கள் அம்மனாயிற்றே; பிறந்ததிலிருந்து "கழுதை" என்று என்னை அழைத்தவள் "இளநி குடிக்கிறீங்களா தாயே?" என்று கைகட்டி நின்றாள். அந்த மரியாதையைக் கொஞ்ச நேரம் அனுபவிக்கலாம் என்றிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அத்தை, நலங்குப் புடவையோடு.

வேப்பிலையைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அம்மா உள்ளிருந்தபடி சொன்னாள்: "முத்துப் போட்டிருக்கு சம்பந்தி. தலைக்குத் தண்ணி ஊத்தறவரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்போ கல்யாணம்?"

"தாய் உத்தரவு குடுக்கணும்."

அத்தை நலங்குப் புடவையை இடுக்கிக்கொண்டார். பிறகு ஆட்டோ பக்கம் திரும்பினார். போனால் கல்யாணம் தள்ளிப்போகும். தள்ளிப்போனது நடந்ததாகச் சரித்திரம் உண்டா? எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"அத்தை! இது அம்மை இல்ல. எனக்குத் தாடி!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அழுதுகொண்டே ஊசி, கரண்ட், சேலையூர் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையோடு, பெரிய மூட்டையை இறக்கிவைத்த சுகமும் இருந்தது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இதுக்கா இம்மாம் பேஜாரு? ஏறுமா, சேலையூருக்கு வுடறேன். அந்தம்மாவையே கேட்டுக்கினு வந்துரலாம்."

அத்தை வேப்பிலையைத் தாண்டி உள்ளே வந்தார். என் முகவாயை, தொடாமல், உற்றுப் பார்த்தார். "ஏறு" என்றார், அவ்வளவுதான். அம்மா அந்த நிமிஷமே பழைய அம்மாவானாள்: "ஏண்டி கழுதை, என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அக்கா திட்டினார், குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை வைத்தார், சீழ் கட்டினால் டாக்டரிடம் போகச் சொன்னார். கட்டவில்லை. நலங்கன்று அத்தை என் பக்கத்தில் காவலுக்கு நின்று, மஞ்சள் கிண்ணத்தோடு வந்த சொந்தக்காரர்களையெல்லாம் அதட்டினார்: "கால்ல பூசுங்க, கையில பூசுங்க. மூஞ்சிக்கு ரெண்டு நாள் லீவு." கல்யாணப் புகைப்படத்தில் தேடிப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளி தெரியும்.

ஒரு மாதம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி கேட்டார்: "அந்தப் பொண்ணு வயசானவங்களுக்கும் பண்ணுமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் முகவாயை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

"தினம் நாலரைக்கே எழுந்துடுவேன். உங்க மாமாவுக்கு இன்னும் தெரியாது."

நான்தான் கூட்டிப்போனேன். ஊசி உறையைக் கண் முன்னால் பிரிக்கிறார்களா என்று நானே பார்த்தேன். திரும்பும்போது வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு, அக்காவின் பாட்டைப் பாடினேன்.

"ரெண்டு நாளைக்கு மூஞ்சை மறந்துடுங்க அத்தை."

அவர் குடைக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுதானேடி முப்பது வருஷமா முடியலை."