மாமனார் ஊரில் கபடி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். அந்த வருடம் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் இருந்தேன். பஞ்சுத் தூசியும் இருமலும் பழகிப்போயின. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழகவில்லை. அதனால் மில் அணி எங்கே கபடி ஆடப் போனாலும் அதே வேனில் தொற்றிக்கொள்வேன். எனக்கு ஆடத் தெரியாது. ஆடுகிறவன் மனசில் என்ன ஓடுகிறது என்று சொல்லத் தெரியும். கூடவே வேனில் வருகிற கேன்டீன் மாஸ்டருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒருமுறை நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் போட்டி. எங்கள் ரைடர் பேக்கிங்கில் வேலை பார்ப்பவன், புது மாப்பிள்ளை. பெண் எடுத்தது அதே ஊரில். எதிரணியில் காலைப் பிடிக்கிற ஆள் அவனுடைய மச்சான். மதியம் மாமனார் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு நேராகக் களத்துக்கு வந்தான்.

முதல் பாதியில் பாடிக்கொண்டு ஏறிப் போனபோதெல்லாம் பிடிபட்டான். பெரும்பாலும் மச்சான் கையில். பொண்டாட்டிக்குப் பயந்து விட்டுக்கொடுக்கிறான் என்று நான் சொன்னேன். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பயமாவது ஒண்ணாவது. கறிச்சோத்துக்கு வெல போயிட்டாப்ல."

இது கேப்டன் காதுக்கும் போனது. இடைவேளையில் அவனை உட்காரச் சொன்னார். இனிமேல் அணியிலேயே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மில்லில் அணிக்காரர்களுக்கு ராத்திரி ஷிப்ட் கிடையாது. புதிதாகக் கல்யாணமானவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவன் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போனான்.

"அண்ணே, வேணாம் வேணாம்னு எலய மூடுனாலும் அத்தை வச்சுக்கிட்டே இருந்தாக. எந்திரிச்சா முகம் வாடிப்போகும். குனியவே முடியலண்ணே."

இதைக் கேப்டனிடம் சொல்லேன் என்றேன்.

"மாமியா வீட்ல தின்னு தோத்தான்னு மில்லே சிரிக்கும். அதுக்குத் துரோகின்னே இருந்துட்டுப் போறேன்."

"ஒம் மச்சானும் அதத்தான தின்னாரு? அவரு மட்டும் எப்பிடி மான் மாதிரி ஓடுறாரு?"



"இல்லண்ணே. மேட்ச் இருக்கேன்னு அவருக்குக் கஞ்சிதான். அத்தைதான் ஊத்திக் குடுத்தாக."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவன் மல்லிகைத் தோட்டத்து வரப்போரம் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கேப்டனிடம் ஒரே ஒரு ரைடுக்குக் கெஞ்சினான். எங்கள் பக்கம் ஏற்கெனவே தோல்வி முகம். போய்த் தொலை என்றார். போனவன் மச்சான் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவர் பிடித்த பிடியையும் உதறிக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்துவிட்டான். அதற்குப் பிறகு அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஜெயித்தோம். கேப்டன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். ராத்திரி ஷிப்ட் பயம் ஒழிந்தது.

திரும்புகிற வேனில் அவன் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. மாஸ்டர் தீர்ப்பை மாற்றியிருந்தார்.

"பொண்ணு குடுத்த ஊருன்னு பாக்கல, மச்சான்னு பாக்கல. தின்ன சோறு செமிக்கிறதுக்குள்ள இப்பிடிப் பண்ணிட்டான். கல்நெஞ்சுக்காரன்."

உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் ஒரு வாரமாக நான் தின்றது மில் கேன்டீன் சாம்பார். அப்படிப்பட்ட கறிச்சோற்றை வரப்போரம் கொட்டிவிட்டு வந்தவனை எனக்கும் மன்னிக்க மனம் வரவில்லை.

"நன்றி கெட்டவன்தாண்ணே" என்று மாஸ்டரிடம் சொன்னேன்.