நட்சத்திரம் போயிட்டாளாம்

நட்சத்திரம் போயிட்டாளாம் என்ற பேச்சு, கண்ணாடிக் கடைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று வாய் மாறியிருந்தது. பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் விருதுச் செய்தியைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். மாடியில் மணி அடிப்பதைக் கேட்டுக் கீழ்வீட்டு அம்மாள் ஓடிப்போய் எடுத்து, "அவங்க போயிட்டாங்களே சார்" என்றிருக்கிறாள். எப்போது என்று கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமை விடியக்காலம். சத்தமே இல்லாம போயிட்டாங்க, ஒருத்தரையும் எழுப்பல" என்றாளாம். செயலாளர் வைத்திருப்பது மருந்துக்கடை. அப்படிப்பட்ட நிம்மதியான சாவு எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று மனைவியிடம் சொல்லி மாய்ந்துபோயிருக்கிறார். மனைவி மூக்குக்கண்ணாடிக்குக் கம்பி மாற்ற வந்த இடத்தில் அதை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

கண்ணாடிக்காரி அந்தக் கம்பியைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்தாள். அப்பாவிடமிருந்து கடை கைக்கு வந்த நாளிலிருந்து அவள் செய்யாத தப்பு அது.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவள் நடந்தது தரையிலா தண்ணீருக்கு அடியிலா என்று அவளுக்கே தெரியவில்லை. இருட்டறையில் யாரோ ஒருவரின் முகத்தில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல அதுவா?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். இவள் சுவரில் ஒளிரும் எழுத்துகளைப் பார்த்தபடி நின்றுவிடுவாள். அவை ஒவ்வொன்றாகக் கரைந்து, பள்ளிக்கூட மொட்டைமாடியாகும்.

அப்போது இவளுக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரே பெஞ்சு. கடையிலிருந்து இவள் எடுத்துவந்த இரண்டு வில்லைகளை அட்டைக் குழாயில் ஒட்டி, அதன் வழியாகத்தான் அவள் முதன்முதலில் நிலாவைப் பார்த்தாள். பார்த்ததும் இவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே, நிலா தலைகீழா தெரியுது!"

"நிலாவுக்கு ஏதுடி தலை?"

சிரித்த சிரிப்பில் குழாய் கைநழுவிக் கீழே போனது. வில்லை ஒன்று விரிசல் விட்டது. அன்றிலிருந்து அவள் நட்சத்திரம், இவள் கண்ணாடி. பட்டப்பெயர்கள் இருவரோடும் ஒட்டிக்கொண்டன. தொழில்கள் கூட அவற்றைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தனவோ என்னவோ. இவள் கடையில் உட்கார்ந்தாள். அவள் அறிவியல் டீச்சரானாள். பெரிய தொலைநோக்கி ஒன்றை ஸ்கூட்டரின் பின்னால் பிள்ளையைக் கட்டுவதுபோலக் கட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போனாள். சனிக்கோளின் வளையத்தை அவள் தயவில் பார்த்த பிள்ளைகள் ஊர் ஊராக இருக்கிறார்கள். விருதும் அதற்குத்தான்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. அவளுக்கு வானம், இவளுக்கு வியாபாரம். பேச்சு வாரத்துக்கு ஒன்றாகி, பிறந்தநாளுக்கு ஒன்றாகி, பிறகு நினைத்துக்கொள்வதோடு நின்றது.

அவளுடைய கைபேசி எண் இவளிடம் இருந்தது. செயலாளர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஆனால் போய்ச் சேர்ந்தவளின் எண்ணை யார் கேட்பார்கள்?

"நீயே ஒரு தடவை போட்டுப் பாரேன். வீட்ல யாராவது எடுப்பாங்க, என்ன ஏதுன்னு தெரியும்ல?" என்றார் கணவர்.

"அதுதான் போடல" என்றாள் அவள். வேறு யாரோ எடுத்து வேறு குரலில் ஹலோ சொல்லிவிட்டால், அதோடு எல்லாம் முடிந்துவிடும். போடாதவரை அந்த எண்ணுக்குள் ஒரு மூலையில் அவள் தோழி உட்கார்ந்திருப்பாள்.

சங்கத்தின் விருது விருந்தன்று மேடையில் அறிவிப்பு செய்வது எப்போதும் கண்ணாடிக்காரிதான். பாதிப் பேருக்குத் தமிழ், மீதிப் பேருக்குப் பிழைக்க வந்த இந்த ஊரின் மொழி. இரண்டிலும் நாக்கு புரளாமல் பேச அவளை விட்டால் ஆள் இல்லை. தமிழில் 'நம்மை விட்டுப் போய்விட்ட' என்று எளிதாக எழுதிவிட்டாள். மற்ற மொழிக்கு வந்தபோது பேனா நின்றது. அந்த மொழியில் போவதற்கு ஒரு சொல், சாவதற்கு வேறு சொல். இரண்டில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். அவள் அந்த இடத்தை வெற்றாக விட்டாள்.

விடுதியின் கூடத்தில் விளக்குகள் கண்ணாடிக் குமிழ்களாகத் தொங்கின. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் ஒவ்வொன்றும் பெரிதாகி, ஓரம் கலைந்து, பால்போலப் பரவியது. அவள் கழற்றியே வைத்திருந்தாள். வட்ட மேசைகளைச் சுற்றி நரைத்த தலைகள் பள்ளிக்கூடச் சிரிப்பு சிரித்தன. தவளைகளின் தூக்கத்தை ஆராய்ந்து பேர்பெற்ற விஞ்ஞானி ஒருவர் பரிசுக்கு முன்பே கண்ணயர்ந்திருந்தார். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. செயலாளர் அதன்மேல் வெள்ளைப் பூ வைத்திருந்தார். கேடயத்தை வாங்கிக்கொள்ள வீட்டுப் பக்கமிருந்து யாராவது வந்தால் போதும் என்று கீழ்வீட்டு அம்மாளையே அழைத்திருந்தார்.

அந்த அம்மாள் பளீரென்ற மஞ்சளில் உடுத்திக்கொண்டு, வாய் கொள்ளாச் சிரிப்போடு வந்தாள். வந்ததும் பூவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

செயலாளர் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத்தாம்மா பெரிய இழப்பு."

"எனக்கென்ன சார் இழப்பு? செடிக்குத் தண்ணி ஊத்தணும், அவ்வளவுதான்."

துக்கம் மனிதர்களை என்னவெல்லாம் பேசவைக்கிறது என்பதுபோல அவர் தலையாட்டினார். "கடைசி நேரத்துல ரொம்ப கஷ்டப்பட்டாங்களா?"

"பட்டாங்க சார், பாவம். முந்தின ராத்திரி பெட்டி மூடவே மாட்டேன்னுடுச்சு. அப்புறம் நான்தான் மேல ஏறி உக்காந்தேன்."

செயலாளரின் முகம் வெளுத்தது. பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மஞ்சள் மங்கல் ஒரு முகமாகியது. சந்தோஷமான, பசியோடிருக்கிற முகம்.

"எப்படிம்மா போனாங்க?" என்று அவள் கேட்டாள்.

"எப்படிப் போவாங்க? பஸ்லதான்."

தவளை விஞ்ஞானியின் குறட்டை மட்டும் சீராகக் கேட்டது.

"மலைக்குங்க. பெரிய குழாய் வச்சு வானம் பாக்குற இடமாம். கூடவே பசங்க கூட்டம் வேற. எப்ப வருவேன்னு சொல்லல, சாவி மட்டும் ராத்திரியே குடுத்துட்டாங்க. விருது வாங்கணும்னு சார் கூப்ட்டாரு, அவங்கதான் ஊர்ல இல்லையேன்னு நான் வந்தேன். ஆமா, சாப்பாடு எப்பப் போடுவீங்க?"

"ஏம்மா, இதைப் போன்லயே சொல்லக்கூடாதா?" என்றார் செயலாளர், கெஞ்சுவதுபோல.

"சொன்னேனே சார். போயிட்டாங்கன்னு."

அவர் கேடயத்தைத் துணிக்குள்ளிருந்து எடுத்துக் கண்ணாடிக்காரியிடம் காட்டினார். "இப்ப என்ன பண்றது? 'அமரர்'னு பொறிச்சாச்சே!"

"அமரர்னா சாகாதவங்கன்னுதான் அர்த்தம்" என்றாள் அவள். "எழுத்து சரியாத்தான் இருக்கு. நீங்கதான் தப்பாப் படிச்சிருக்கீங்க."

"விளையாடாதே கண்ணாடி. உறுதியாத் தெரியாம மேடையில என்னத்தைச் சொல்லுவ? பஸ்ல ஏறினது வரைக்கும்தான் இந்தம்மாவுக்குத் தெரியும்."

அவர் சொன்னது விளையாட்டில்லை. அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தாள். சன்னலுக்கு வெளியே மரங்களுக்கு மேல் வானம் இன்னும் முழுதாக இருட்டவில்லை. ஒரே ஒரு புள்ளி, விமானமோ வெள்ளியோ, ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகத் தொடாத எண்ணைத் தொட்டாள்.

முதலில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று, மிகத் தொலைவில் யாரோ பாயை உதறுவதுபோல. பிறகு மணி அடித்தது.

மலைமேல் எங்கோ, ஒரு பையின் அடியில், ஸ்வெட்டருக்கும் டார்ச்சுக்கும் நடுவே ஒரு சின்ன வெளிச்சம் எரிவது அவளுக்குத் தெரிந்தது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். "டீச்சர், தலைகீழா தெரியுது" என்கிறது ஒரு குரல். பதில் சொல்ல நட்சத்திரம் குனிகிறாள். பை கிடக்கும் பக்கம் திரும்பவில்லை.

எடுத்தால் என்ன சொல்வது என்று கண்ணாடிக்காரி யோசித்திருக்கவில்லை. செத்துப்போனியாமே என்றா? வாழ்த்துகள் என்றா? ஏன்டி என்று ஆரம்பித்தால் மீதி தானாக வரும்.

கூடத்துக் கதவு பாதி திறந்து, செயலாளரின் தலை எட்டிப் பார்த்தது. "எல்லாரும் காத்துட்டிருக்காங்க. என்னன்னு சொல்றது, இதுவா, அதுவா?"

"இருங்க" என்று கையைக் காட்டினாள்.

காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.