ஓட்டிவிட்ட பகுதி

படங்கு வாசனையோடுதான் எனக்குப் பேய்கள் அறிமுகமாயின. கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அந்தத் தடித்த சாக்குத்துணி, வாரம் முழுக்கப் பனியிலும் தேயிலைச் சாற்றிலும் ஊறி, ஞாயிறு காலையில் எங்கள் வீட்டின் ஒற்றை ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிடப்படும்போது, பட்டப்பகலிலேயே உள்ளே ஓர் இருட்டு உண்டாகும். அந்த இருட்டில் சூடேறிய வீடியோ டெக்கின் நாற்றமும், முப்பது பேரின் தலையெண்ணெயும், யாரோ மடியில் கட்டி வந்த வறுத்த கடலையும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்க, டிவிக்குள் ஒரு கதவு கிரீச்சென்று திறக்கும். அவ்வளவுதான், குழந்தைகள் ஒருவர் மடிக்குள் ஒருவர் புகுந்துகொள்வோம்.

மாத்தளைக்கு மேலே, மிளகுக்கொடியும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வீடுகளை ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லயம் அது. முதல் டிவி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது என்பதால், டவுனில் கேசட் கடை வைத்திருந்த, நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் டெக்கும் மூன்று படமும் எடுத்து வருவது அப்பாவின் பொறுப்பு. நாலு மணிக்குள் மூன்று படத்தையும் பார்த்து, கேசட்டுகளைத் திரும்பச் சுற்றி, கடையில் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். மூன்று படங்கள் அந்த நேரத்துக்குள் அடங்காது. ஆகவே எங்கள் லயத்தில் ஒரு சட்டம் தானாக உருவாகியிருந்தது: பாட்டை வேகமாக ஓட்டித் தாண்டக்கூடாது, சண்டையை ஓட்டக்கூடாது, சிரிப்பைத் தொடவே கூடாது, அழுகை வந்தால் "ஓட்டு". ரிமோட் எப்போதோ தொலைந்துபோயிருந்ததால் டெக்கின் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

காதல் படங்களும் வந்தன, சாமி படங்களும் வந்தன. ஆனால் லயம் முழுக்கக் காத்துக் கிடந்தது பேய்ச் சிரிப்புப் படங்களுக்கு. கைச்செலவுக்கே பணமில்லாதவர்கள் எடுத்த படங்கள் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். எல்லாப் படத்திலும் அதே பங்களா, அதே மாடிப்படி. இடி முதலில் இடிக்கும், மின்னல் பிறகு வரும். வௌவாலைக் கட்டியிருக்கும் நூல் பளபளக்கும். பேயின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டியிருந்த வெள்ளைத் தழும்பு தெரியும். புகையைக் கூடுதலாக விட்டுவிட்டால் பேயே இருமும். நாங்கள் இதையெல்லாம் கண்டுபிடித்துக் கத்துவோம், கத்திக்கொண்டே பயப்படுவோம். அது எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கக்கூசுக்குப் போகவே லாந்தர் பிடித்துக்கொண்டு நூறு கஜம் நடக்க வேண்டிய, அட்டையும் காட்டுப்பன்றியும் திரிகிற உண்மையான இருட்டுக்குள் வாழ்ந்த எங்களுக்கு, தலையிலிருந்து விக்கு நழுவுகிற ஒரு பேய் கிடைத்தது பெரிய ஆறுதலாக இருந்திருக்கலாம். காமன் கூத்தில் வேஷம் கட்டுகிறவர்களும் இப்படித்தான் வியர்வையில் அரிதாரம் வழிய வழிய ஆடுவார்கள். அவர்களை நாங்கள் நம்பாமலா இருந்தோம்? ஏழைப் பேய் ஏழைகளுக்கு நெருக்கம்.

குறை வேறு இடத்தில் இருந்தது. பேய் எப்போதும் பெண்தான். அவளுக்கு யாரோ எதையோ செய்திருப்பார்கள். அதைச் சொல்ல இரண்டரை மணி நேரப் படத்தில் பத்து நிமிடம் ஒதுக்கியிருப்பார்கள். வயலின் அழ, அவளும் அழுவாள். பிறகு ஒரு குண்டு ஆள் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொள்ள, படம் அவளை மறந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தையும் நாங்கள் ஓட்டினோம்.

பாக்கியம் சின்னம்மா, சித்தப்பாவின் மனைவி, எங்கள் லயத்தின் மூன்றாவது காம்பரா வீட்டில் இருந்தார். அவருடைய மகள் கலா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு அவளைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த நாளில் பாதி லயம் அப்படித்தான் பிள்ளைகளை அனுப்பியது. அடுத்த வருடம் அவள் பெட்டியில் வந்தாள். மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். கூட வந்த ஆள் அதைச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, வேனை விட்டு இறங்காமலே திரும்பினான். "பெரிய எடம். கெளறாத" என்றார்கள் பெரியவர்கள். சின்னம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. "அந்தப் படியையாவது நான் போய்ப் பாக்கணும்" என்று மட்டும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கொழுந்து நிறுக்கும் வரிசையில், கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிறு வந்த படத்தில் பேய் ஒரு வேலைக்காரப் பெண். அது எங்கள் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பேய் தன் கதையைச் சொல்லத் தொடங்கி, வயலின் எழுந்ததும், லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் வீட்டு ரவி கத்தினான்.

"அழுக பார்ட்டு வந்துருச்சு! ஓட்டு பாப்பா, ஓட்டு!"

சுவரோரம் இருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. "இருங்கப்பா. அந்தப் புள்ளைய கொஞ்சம் பாப்போம்."

"பாக்கியம், நாலு மணிக்கு டெக்கு கடையில இருக்கணும். இல்லாட்டி நானா என்னயப் பேயாக்கிருவாரு" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அழுத்தினேன். கோடு கோடாக ஓடிய திரையில் ஒரு பெண் தட்டோடு படியேறினாள், வளையல் போட்ட ஒரு கை வந்தது, பிறகு அவள் பொம்மையைப் போல விறுவிறுவென்று உருண்டாள். வேகத்தில் ஓட்டினால் எல்லாச் சாவும் வேடிக்கையாகத்தான் இருக்கும். "பந்து மாதிரி உருளுறா பாருங்கடா!" என்றான் ரவி. காம்பராவே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சின்னம்மா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் போல, திரையையே பார்த்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பீலியில் நான் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து அந்தப் புள்ளைய யாரும் தள்ளிவிட்டாங்களா, தானா விழுந்துச்சா? நீதானே கிட்ட இருந்து பாத்த."

நான் பார்க்கவில்லை. அந்தக் கை தள்ளியதா, பிடிக்கப் போனதா என்று கோடுகளுக்குள் யாருக்குத் தெரியும்? ஆனால் பெரியவர்கள் ஒரு வருடமாக அவருக்குச் சொல்லிவந்த பதில் எனக்கு மனப்பாடம். அதுதான் நல்ல பதில் என்று நம்பினேன். சிரித்ததற்குத் திட்டு வாங்காமல் தப்பவும் அது உதவும் என்று பட்டது.

"தானாத்தான் விழுந்துச்சு சின்னம்மா. நான் பாத்தேன்."

"பாத்தியா?"

"ம்."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு படியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு மாதம் பொறுத்து, அந்தக் கேசட்டை மறுபடி கேட்கலாமென்று அப்பாவோடு கடைக்குப் போனேன். "அதுக்கு மேல வேற படம் அடிச்சாச்சு மகள்" என்றார் நானா, வெகு சாதாரணமாக.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. கொழும்பில் இருக்கிறேன். டெக் இல்லை, கேசட் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள், எங்கள் லயத்தில் பாதியை இடித்துத் தனிவீடு கட்டிவிட்டார்கள். படத்தின் பெயர் நினைவில் இல்லை; ஆனாலும் தூக்கம் பிடிக்காத நாட்களில் இணையத்தில் அதைத் தேடிக்கொண்டே இருந்தேன். போன மாதம் கிடைத்தது. முழுப்படம் அல்ல, துண்டு துண்டாக ஆறு காமெடிகள். கட்டிலுக்கடியில் மாட்டிய குண்டு ஆள் இருக்கிறார், இருமுகிற பேய் இருக்கிறது. வேலைக்காரப் பெண்ணின் கதையை மட்டும் யாரும் ஏற்றவில்லை. கீழே கருத்துகளில் ஆயிரக்கணக்கில் சிரிக்கும் முகங்கள்.

பொறுக்கவில்லை. விடியற்காலை பஸ் பிடித்து மாத்தளைக்குப் போனேன். சின்னம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் வைத்து ஒரு துண்டைப் பார்த்தார்; சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"இந்தப் பேயா நடிச்ச புள்ளைக்குச் சாப்பாடு ஒழுங்கா குடுக்கல போல. கைய பாரு, குச்சியாட்டம்" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் எதையும் பார்க்கவில்லை, பொய் சொன்னேன், இத்தனை வருடமும் சொல்லாமல் இருந்தேன்.

"தெரியும்டி" என்றார். "ஓட்டுனதே நீதானே. ஓடுறதுல என்னத்தப் பாத்திருப்ப?"

"அப்ப ஏன் சின்னம்மா ஒண்ணும் சொல்லல?"

"சின்னப் புள்ளயே இப்படிச் சொல்லுது, இனிமே யாருகிட்டப் போயி கேக்குறதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

அதில் கோபம் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், இல்லை. அவர் எழுந்து போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வந்தார். கலாவை வேலைக்கு அனுப்பும்போது தரகர் எழுதிக் கொடுத்த விலாசம். மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. வீட்டு இலக்கமும் ஒழுங்கையின் பெயரும் படிக்க முடிந்தன. என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி. இருபது வருடமாக நான் அந்த ஒழுங்கையைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறேன்.

"நீ அங்கனதானே இருக்க" என்றார் சின்னம்மா. "அந்த வீட்டுல படி இருக்கா, இல்லையான்னு பாக்கணும்."

என்னோடு புறப்பட்டு வந்த சின்னம்மா இப்போது கொழும்பில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பயணத்துக்குக் கட்டிவந்த நல்ல சேலையைத் திரும்பவும் மடித்துக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை அந்த விலாசத்துக்குப் போகிறோம். அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருக்கலாம். அப்படி இருந்தால் வாசலில் நிற்கிற காவலாளியிடம் கேட்பேன், அவர் விரட்டினால் பக்கத்து வீட்டில் கேட்பேன். அவள் பெயர் கலா, வயது பதினைந்து என்று முதலிலிருந்து சொல்லிக் கேட்பேன்.